உடையும் பொருளை உடையாமல் அனுப்ப: பேக்கிங் முதல் டெலிவரி வரை முழுமையான வழிகாட்டி

பேக்கிங் மேசைக்குப் புதிதாக வருகிற யாரும் முதலில் கேட்பது, "எந்தப் பெட்டியில் போடட்டும்?" என்றுதான். கையில் கிடைத்த பெட்டியை எடுத்து, பொருளை உள்ளே உட்காரவைத்து, சுற்றிலும் எதையாவது திணித்து, மேலே நாலு சுற்று டேப் ஒட்டிவிடுவார்கள். பார்க்க அம்சமாக இருக்கும். போய்ச் சேரும்போது உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கும்.

பெட்டியைத் தேடுவது பாதி வேலை முடிந்த பிறகு வர வேண்டிய படி. பொருளைச் சுற்றி முடித்த பிறகுதான் அதன் உண்மையான அளவு தெரியும். அந்த அளவு தெரிந்தால்தான் பெட்டி தெரியும். முதலிலேயே பெட்டியை முடிவு செய்தவர், அதில் அடங்குவதற்காகச் சுற்றும் மெத்தையைக் குறைத்துக்கொண்டே போவார். அதனால் கீழே உள்ளதை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. எது உடைக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

வழியில் ஒரு பார்சலுக்கு மூன்று வகைத் தொல்லை வரும்: விழுதல், அதிர்வு, மேலே அடுக்கும் பாரம். ஒன்றுக்குச் செய்த ஏற்பாடு இன்னொன்றுக்கு உதவாது.

விழுவதை முதலில் பார்ப்போம். 75 செ.மீ. உயரத்திலிருந்து, அதாவது ஒரு மேசை உயரத்திலிருந்து நழுவிய பெட்டி, நொடிக்கு ஏறக்குறைய 3.8 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். உள்ளே இருக்கும் பொருளும் அதே வேகத்தில் வருகிறது. அது எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சுற்றியுள்ள மெத்தை 1 செ.மீ. மட்டும் நசுங்கிப் பொருளை நிறுத்தினால், பொருள் தாங்க வேண்டிய விசை அதன் எடையைப் போல் சுமார் 75 மடங்கு. அதே மெத்தை 3 செ.மீ. நசுங்கிக் கொடுத்தால் சுமார் 25 மடங்குதான். இது சராசரிக் கணக்கு. உச்சத்தில் இன்னும் கூடும். ஆனால் எத்தனை சென்டிமீட்டர் விட்டுக்கொடுக்கிறதோ அத்தனை பிழைக்கும் என்பது இதிலேயே விளங்கிவிடும்.

எந்த மெத்தையும் தன் முழுத் தடிமனுக்கும் நசுங்காது. அதனால்தான் எல்லாப் பக்கமும் குறைந்தது 5 செ.மீ. என்று சொல்கிறோம்.

அதிர்வு வேறு மாதிரி வேலை செய்யும். வண்டி மணிக்கணக்கில் ஓடும்போது, தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று உரசி விளிம்பைக் கொறிக்கும். தளர்வான நிரப்புப் பொருள் படிந்து கீழே இறங்கும். மேலே ஒரு வெற்றிடம் உருவாகும். கிளம்பும்போது கச்சிதமாக இருந்த பெட்டி, சேரும்போது தளர்ந்திருப்பது இதனால்தான்.

பாரம் என்பது பெட்டியின் பொறுப்பு. அட்டைப்பெட்டியின் பலம் பெரும்பாலும் அதன் நான்கு செங்குத்து மூலைகளில் இருக்கிறது. மூலை நசுங்கிய பெட்டி, மற்றபடி புதிதுபோல் இருந்தாலும், பலம் போன பெட்டி.

2. உட்காரும் முன் மேசைக்கு வர வேண்டியவை

பாதி சுற்றிய பொருளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கத்தரியைத் தேடும்போது நழுவிப் போவது எங்கும் நடக்கிறது. எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்:

- அச்சில்லாத வெள்ளை அல்லது பழுப்புத் தாள். செய்தித்தாள் மை பீங்கானிலும் மெருகில்லாத பரப்பிலும் ஒட்டும். வெளி நிரப்புக்கு வேண்டுமானால் அது பரவாயில்லை.
- பபிள் ரேப் இரண்டு வகை. சுமார் 1 செ.மீ. அகலக் குமிழி உள்ளது பொருளைச் சுற்ற. 2.5 செ.மீ. குமிழி உள்ளது மெத்தைக்கு.
- மெல்லிய வெள்ளை ஃபோம் ஷீட். பளபளப்பான பரப்புக்கு.
- அட்டைத் துண்டுகள். பழைய பெட்டியை வெட்டினாலே போதும்.
- 48 மி.மீ. அகல பேக்கிங் டேப், கொஞ்சம் மாஸ்கிங் டேப், பிளாஸ்டிக் பைகள், கட்டர், அளவு நாடா, எடை மெஷின், மார்க்கர்.

மேசை மேல் ஒரு பழைய கம்பளியோ துண்டோ விரித்துவிடுங்கள். பயணத்தில் உடைவதற்கு முன் மேசையிலேயே விளிம்பு தட்டிப் போன பொருள்கள் ஏராளம்.

3. பொருளைச் சோதித்துப் படம் எடுங்கள்

பீங்கானையும் கண்ணாடியையும் விரல் நகத்தால் மெல்லச் சுண்டிப் பாருங்கள். நல்ல பொருள் கணீரென்று ஒலிக்கும். மயிரிழை விரிசல் இருந்தால் சத்தம் மந்தமாக, 'டொக்' என்று வரும். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காது சொல்லிவிடும். அந்தப் பொருளை எப்படிச் சுற்றினாலும் வழியில் பிளக்கும். அனுப்பாமல் இருப்பதே நல்லது.

அப்புறம் படம். பொருளை நான்கு பக்கமும், ஏற்கெனவே இருக்கிற கீறலைக் கிட்டத்தில் ஒன்றும், சுற்றிய பின் ஒன்றும், பெட்டியில் வைத்தபின் மூடுமுன் ஒன்றும், மூடி முகவரி ஒட்டியபின் ஒன்றும் எடுங்கள். இழப்பீடு கேட்கும்போது "பேக்கிங் சரியில்லை" என்பதுதான் வழக்கமாக வரும் பதில். அதற்கு மறுமொழி நடுவில் எடுத்த இந்தப் படங்கள்தான். மூடிய பெட்டியின் படம் மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் பேச முடியாது.

4. கழற்ற முடிந்ததைக் கழற்றுங்கள், குழிவை நிரப்புங்கள்

மூடி, பல்பு, ஸ்டாண்டு, கண்ணாடித் தட்டு என்று தனியாக வரக்கூடியது எதுவும் தன் இடத்தில் இருந்தபடி பயணம் செய்யக் கூடாது. தனியாகச் சுற்றி, அதே பெட்டியில் தனி இடத்தில் வையுங்கள். மூடியை அதன் இடத்திலேயே வைத்து டேப் ஒட்டுவது புதியவர்களுக்கு ரொம்பப் பிடித்த குறுக்குவழி. டேப் மூடியை விழாமல் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு அதிர்விலும் மூடி பாத்திரத்தின் வாயை இடித்துக்கொண்டே வரும்.

சுவர் மெல்லிய, உள்ளே குழிவான பொருள் என்றால் கசக்கிய தாளை உள்ளே நிரப்புங்கள். பக்கவாட்டில் அழுத்தம் வந்தால் உட்புறத்திலிருந்து தாங்க அது உதவும். கையால் அழுத்தினால் மெதுவாக உள்வாங்கி மீண்டும் எழும்ப வேண்டும். அந்தப் பதம் போதும். கட்டையால் இடித்த மாதிரித் திணித்தால், தாளே உள்ளிருந்து ஒயின் கிளாஸை விரியச்செய்துவிடும். நான் அப்படி ஒன்றை விரித்திருக்கிறேன், பெட்டிக்குள் வைக்கும் முன்பே.

5. சுற்றுதல்: ஒரு டீபாட்டை எடுத்துக்கொள்வோம்

மூக்கும் கைப்பிடியும் மூடியும் உள்ள பீங்கான் டீபாட்டைச் சரியாகச் சுற்றத் தெரிந்தவருக்கு மற்ற எல்லாம் எளிது. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் மூடியை எடுத்துத் தனியாகச் சுற்றி ஓரமாக வையுங்கள். வயிற்றுக்குள் கசக்கிய தாள்.

அடுத்தது கைப்பிடி. கைப்பிடிக்கும் உடலுக்கும் நடுவே ஒரு ஓட்டை இருக்கிறது அல்லவா? அதில் தாளை உருட்டி, நெகிழ்வாக ஆனால் காலியிடம் இல்லாமல் நிரப்புங்கள். பிறகு கைப்பிடியையே ஒரு தாள் பட்டையால் காயத்துக்குக் கட்டுப்போடுவதுபோல் சுற்றுங்கள். இதைச் செய்யாமல் மொத்தமாக பபிள் ரேப் சுற்றினால் என்ன ஆகும்? இறுக்கிச் சுற்றும் ஒவ்வொரு சுற்றும் கைப்பிடியை உடலை நோக்கி அழுத்தும். அது ஏற்கெனவே பாரம் சுமந்துகொண்டுதான் பயணத்தைத் தொடங்கும். பின்னால் ஒரு சின்ன இடி போதும்.

மூக்குக்கு வேறு வைத்தியம். மூக்கு நீட்டிக்கொண்டிருப்பதால், பொருள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் முதலில் இடிபடுவது அதுதான். மூக்கின் இரு பக்கமும், மேலும் கீழும், உடலின் வளைவுக்கும் மூக்கின் நுனிக்கும் நடுவிலுள்ள பள்ளத்தை உருட்டிய தாளால் மேடாக்குங்கள். முடித்துப் பார்த்தால் டீபாட் ஏறக்குறைய உருண்டையாகத் தெரிய வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் பாரத்தைத் தாங்கக் கூடாது, வயிறுதான் தாங்க வேண்டும்.

இப்போது தாளோ ஃபோம் ஷீட்டோ ஒரு சுற்று. அதன் மேல் சிறு குமிழி பபிள் ரேப், குமிழி உள்பக்கம் பார்க்க. குமிழிகள் பொருளின் வளைவைக் கவ்விப் பிடிக்கும். தட்டையான முதுகு வெளியே இருந்தால் டேப்பும் நன்றாக ஒட்டும். வர்ணம் பூசியதோ மெருகேற்றியதோ என்றால் பபிள் ரேப் நேரடியாகத் தொடவே கூடாது. வெயிலில் நின்ற வண்டிக்குள் குமிழியின் வட்டத் தடம் வர்ணத்தில் பதிந்துவிடும்.

எத்தனை சுற்று என்று எண்ணாதீர்கள். இரு கையாலும் பிடித்து அழுத்தும்போது உள்ளே இருக்கும் விளிம்போ முனையோ விரலுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அந்த இடத்தில் இன்னும் ஒரு சுற்று.

டேப்பைப் பொருளின் மேல் ஒட்டவே ஒட்டாதீர்கள். பபிள் ரேப் மேல் ஒட்டும்போதும் டேப்பின் நுனியை ஒரு செ.மீ. மடித்து விடுங்கள். வாங்கியவர் பிடித்து இழுத்துத் திறக்கலாம். மடிக்காவிட்டால் கத்தியை எடுப்பார். ஊரெல்லாம் சுற்றிப் பத்திரமாக வந்த பொருள் கடைசியில் கத்தி பட்டுக் கீறலாகும்.

6. பொருளுக்குப் பொருள் மாறுபவை

தட்டுகள். ஒவ்வொன்றையும் தனியாகச் சுற்றி, நடுவே அட்டைத் துண்டு வைத்து, விளிம்பில் செங்குத்தாக நிற்கவையுங்கள். புத்தகம் அடுக்கியது போல. ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால், பெட்டி விழும்போது மேலே உள்ள அத்தனையின் எடையும் அடித்தட்டின் நடுவில் இறங்கும். தட்டு வளைந்து கொடுக்காது, பிளந்துவிடும். செங்குத்தாக நின்றால் ஒவ்வொரு தட்டும் தன் எடையை மட்டும் தாங்கும். பார்ப்பதற்கு முரணாகத் தோன்றுவதால் புதியவர்கள் நம்பமாட்டார்கள். செய்து பார்த்தவர்கள் மாறமாட்டார்கள்.

கிளாஸ்கள். தண்டுள்ளதாக இருந்தால், தண்டைச் சுற்றித் தாளை உருட்டி, கிண்ணத்தின் அகலத்துக்குக் கொண்டுவாருங்கள். நிற்கவையுங்கள். ஒவ்வொன்றுக்கும் அட்டைத் தடுப்புள்ள அறை இருந்தால் நல்லது. ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி அனுப்பாதீர்கள்.

கண்ணாடிச் சட்டமிட்ட படம். கண்ணாடி மேல் மாஸ்கிங் டேப்பைப் பெருக்கல் குறியாகவும் கூட்டல் குறியாகவும் ஒட்டுங்கள். இது கண்ணாடியை உடையாமல் காக்காது. உடைந்தால் சில்லுகள் சிதறிப் படத்தைக் கிழிக்காமல் பிடித்துவைக்கும். பூச்சுள்ள கண்ணாடியிலும் அக்ரிலிக்கிலும் டேப் வேண்டாம், தடம் விழும். நாலு மூலைக்கும் அட்டையை மடித்துக் காப்பு போட்டு, முன்னும் பின்னும் சட்டத்தைவிட ஒரு விரல் பெரிய அட்டை வைத்து, நிற்கும் நிலையில் பெட்டியில் இறக்குங்கள்.

மின்னணுப் பொருள். திறந்த சர்க்யூட் போர்டு என்றால் சாதாரண பபிள் ரேப் ஆகாது. பிளாஸ்டிக் உரசி உண்டாகும் நிலைமின்சாரமே அதைக் கெடுக்கும். முதலில் ஆன்டிஸ்டாட்டிக் பை, அதன் மேல் மற்றது. கனமான உள்பாகம் உள்ள சாதனம் என்றால் வெளியே மட்டும் பார்க்காதீர்கள். உள்ளே தளர்ந்த பாகம் இருந்தால் அது உள்ளிருந்தே உடைக்கும். தட்டைத் திரை எப்போதும் நின்றபடி போக வேண்டும்.

பேட்டரிக்குத் தனி விதி உண்டு. தனியாக அனுப்பும் லித்தியம் அயன் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் முதல் தடை இருக்கிறது. சாதனத்துக்குள் இருக்கும் பேட்டரிக்கு விதிகள் வேறு. சொல்லாமல் உள்ளே வைத்து அனுப்பினால், ஸ்கேனரில் பிடிபட்டுப் பார்சலே திரும்பும். கூரியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

திரவம் உள்ள கண்ணாடிப் பாட்டில். மூடியை டேப்பால் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்து, உறிஞ்சும் தாளைச் சுற்றி, இன்னொரு பையில் போடுங்கள். ஒழுகினால் நனைவது உங்கள் பாட்டில் மட்டுமல்ல. நனைந்த அட்டைப்பெட்டிக்குப் பலமே கிடையாது, அடி பிய்த்துக்கொள்ளும்.

7. இப்போது அளந்து, பெட்டியைத் தேடுங்கள்

சுற்றிய பொருளின் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 10 செ.மீ. கூட்டுங்கள். பக்கத்துக்கு 5 செ.மீ. கிடைக்கும். அதுதான் பெட்டியின் உள்ளளவு. 20 × 15 × 15 செ.மீ. பொருளுக்கு 30 × 25 × 25 செ.மீ. பெட்டி. இதைவிடச் சிறியது ஆகாது. ரொம்பப் பெரியதும் ஆகாது, நிரப்ப நிரப்பத் தளர்ந்துகொண்டே இருக்கும்.

அட்டையை ப்ளை கணக்கில் சொல்வார்கள். ஒரு நெளியடுக்கு உள்ளது 3 ப்ளை, இரண்டு நெளியடுக்கு உள்ளது 5 ப்ளை. உடையும் பொருளின் வெளிப்பெட்டிக்கு நான் 5 ப்ளைக்குக் குறைந்து போவதில்லை. நெளிவரிகள் பெட்டியின் சுவரில் மேலிருந்து கீழாக ஓட வேண்டும். அப்படி நிற்கும்போதுதான் பாரம் தாங்கும். அதே பெட்டியைப் பக்கவாட்டில் கவிழ்த்து, வரி படுத்த மாதிரி பயன்படுத்துவது அதன் பலத்தை நாமே குறைப்பது.

பழைய பெட்டி ஆகுமா என்று கேட்பார்கள். மூலைகள் கூராக, சுவர் விரல் அழுத்தத்துக்கு விறைப்பாக, ஈர வாடை இல்லாமல் இருந்தால் உள்பெட்டியாக வைத்துக்கொள்ளலாம். வெளிப்பெட்டி புதிதாகவே இருக்கட்டும்.

பெட்டியைப் பெரிதாக்கினால் கட்டணம் கூடுமே என்ற கவலை நியாயமானதுதான். பல கூரியர்கள் நீளம் × அகலம் × உயரம் (செ.மீ.) பெருக்கி 5000-ஆல் வகுத்து வருவதைக் கன அளவு எடையாகக் கொள்கிறார்கள், சிலர் வேறு எண்ணால் வகுப்பார்கள். 40 × 30 × 30 செ.மீ. பெட்டி என்றால் 36,000, வகுத்தால் 7.2 கிலோ. உள்ளே 2 கிலோ பொருள்தான் இருந்தாலும் 7.2 கிலோவுக்குத்தான் பணம். இதை விற்பனை விலை சொல்லும்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள். பேக் செய்யும் நேரத்தில் ஞாபகம் வந்தால் கை தானாக மெத்தையைக் குறைக்கும்.

8. அடி, சுற்று, மேல்: பெட்டிக்குள் வைக்கும் வரிசை

பெட்டியின் அடி மடிப்புகளை முதலில் டேப் ஒட்டி மூடுங்கள். மடிப்புகளை ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பூட்டுவது பாரத்தில் திறந்துகொள்ளும்.

அடியில் 5 செ.மீ. மெத்தை போடுங்கள், கனமான பொருள் என்றால் 7 அல்லது 8. கையால் அழுத்திவிட்டு அளக்கவும். பொங்கிக் கிடக்கும் தாளின் உயரத்தைக் கணக்கில் எடுத்தால் ஏமாறுவீர்கள், பொருளை வைத்ததும் பாதியாகிவிடும்.

பொருளை நடுவில் வையுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் கனமானது கீழே, லேசானது மேலே, நடுவே அட்டை. பிறகு நான்கு மூலைகளை முதலில் நிரப்பி, அப்புறம் பக்கங்களை. பெட்டி மூலையில் விழுவதுதான் மோசமான விழுதல். ஆனால் எல்லோரும் கடைசியாகவும் குறைவாகவும் நிரப்புவது மூலையைத்தான்.

எதை வைத்து நிரப்புவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கசக்கிய பழுப்புத் தாள். நன்றாக முறுக்கி, உள்ளங்கை அளவு உருண்டைகளாக. உருண்டைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், நகராது. காற்றுப் பைகள் லேசான பொருளுக்குச் சரி; கூர்மையான மூலை பட்டு ஒன்று வெடித்தாலும் அந்த இடமே காலியாகிவிடும். உதிரித் தெர்மாகோல் மணிகளை நான் தனியாக நம்புவதில்லை. ஒருமுறை கனமான பூச்சாடி ஒன்றை அவற்றின் நடுவே மிதக்கவிட்டு அனுப்பினேன். திரும்பி வந்த பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. திறந்தால் சாடி அடித்தளத்தில், மணிகள் எல்லாம் அதன் தலைக்கு மேலே. வழியெல்லாம் ஆடி ஆடி அது மணலில் கல் இறங்குவதுபோல் இறங்கி அட்டையைத் தொட்டிருக்கிறது. கடைசியாக யாரோ கீழே வைத்தபோது, சாதாரணமாக வைத்தபோதுதான், அடி விட்டிருக்க வேண்டும்.

மேலேயும் 5 செ.மீ. நிரப்பி, மூடும்போது லேசாக எதிர்க்கும் அளவுக்கு விடுங்கள். உட்கார்ந்து அமுக்கித்தான் மூட முடிகிறது என்றால் அதிகம். இறுக்கம் வேறு, கெட்டி வேறு. கெட்டியாகிப் போன மெத்தை நசுங்காது. நசுங்காத மெத்தை கல்.

9. எப்போது இரட்டைப் பெட்டி

கண்ணாடி, மெல்லிய பீங்கான், திரும்ப வாங்க முடியாத எதுவும் என்றால் இரட்டைப் பெட்டிதான். உள்பெட்டியில் பொருள் அசையாமல் இருக்க வேண்டும்; அதற்கு 2 அல்லது 3 செ.மீ. மெத்தை போதும். உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவே எல்லாப் பக்கமும் 5 முதல் 8 செ.மீ. இடைவெளி விட்டு நிரப்புங்கள். விழுந்த அதிர்ச்சியை அந்த இடைவெளி வாங்கிக்கொள்ளும். உள்பெட்டியின் தட்டையான பக்கங்கள் அழுத்தத்தைப் பரப்புவதால், நிரப்புத் தாள் ஒரே இடத்தில் நசுங்கிப் போகாது.

இங்கே நடக்கும் தவறு ஒன்றே ஒன்று: உள்பெட்டி வெளிப்பெட்டியில் கச்சிதமாகப் பொருந்திவிட்டது என்று மகிழ்ந்து அப்படியே மூடுவது. அது இரட்டைப் பெட்டி ஆகாது, தடித்த ஒற்றைப் பெட்டி.

மரப்பெட்டியில் வெளிநாட்டுக்கு அனுப்புவதானால் ஐஎஸ்பிஎம் 15 என்ற விதி இருக்கிறது. பூச்சி பரவாமல் இருக்க, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடமாவது இருக்கும்படி சூடாக்குவது அதில் வழக்கமான முறை. செய்ததற்கான முத்திரை மரத்தில் இருக்க வேண்டும். ப்ளைவுட்டுக்கு இந்த விதி இல்லை. வைக்கோல் போட்டு நிரப்புவதையும் பல நாடுகள் ஏற்பதில்லை.

10. குலுக்கிப் பாருங்கள்

டேப் ஒட்டும் முன் மேல் மடிப்பைக் கையால் மூடிப் பிடித்துக்கொண்டு, பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். சத்தமோ நகர்வோ இருக்கக் கூடாது. பிறகு தலைகீழாகக் கவிழ்த்து மறுபடியும். கவிழ்த்தபோது உள்ளே ஏதோ 'தொப்' என்று இறங்கினால் மேலே நிரப்பு போதவில்லை. திறந்து நிரப்புங்கள். "பரவாயில்லை, லேசாகத்தான் அசைகிறது" என்று ஒட்டிவிட்ட பெட்டிகளைத்தான் பிறகு படமாகப் பார்க்க வேண்டி வருகிறது.

11. டேப்

நடு இணைப்பில் ஒரு நீளப் பட்டை, இரு ஓர இணைப்புகளில் ஒவ்வொன்று. மேலும் கீழும் அப்படியே. ஒவ்வொரு பட்டையும் மூலை தாண்டிப் பக்கச் சுவரில் 5 செ.மீ. இறங்க வேண்டும். ஓரங்களை ஒட்டாமல் விடுவதால்தான் அடி வாய் பிளக்கிறது. அட்டையில் தூசி இருந்தால் துடைத்துவிட்டு ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தேயுங்கள்.

சணல் கயிறு கட்டாதீர்கள். பார்சல்களைப் பிரிக்கும் கன்வேயரில் அது மாட்டிக்கொள்ளும். தூக்குவதற்குக் கைப்பிடியாகவும் ஆகிவிடும், அறுந்தால் பெட்டி கீழே.

12. முகவரியும் குறிகளும்

முகவரிச் சீட்டை மேல்பக்கத்தில், இணைப்பின் மேல் வராமல் ஒட்டுங்கள். இன்னொரு சீட்டைப் பெட்டிக்குள்ளேயும் போடுங்கள். வெளிச்சீட்டு கிழிந்தால் உங்கள் பொருள் யாருக்கும் சொந்தமில்லாததாகிவிடும்.

கண்ணாடிக் கிண்ணம் (உடையும் பொருள்), மேல்நோக்கிய இரண்டு அம்புகள் (இது மேல்பக்கம்), குடை (நனையக் கூடாது) ஆகியவை ஐஎஸ்ஓ 780 தரத்தில் உள்ள குறிகள். எழுத்தைவிட இவை நல்லது. எந்த மொழிக்காரரும் புரிந்துகொள்வார். ஒட்டுங்கள், ஆனால் நம்பாதீர்கள். பெல்ட்டில் ஓடும் பெட்டிக்கு எது மேல் எது கீழ் என்று இயந்திரத்துக்குத் தெரியாது. ஸ்டிக்கரே இல்லாமல் போனாலும் பிழைக்கும்படி பேக் செய்திருக்க வேண்டும்.

13. ஒரே பொருளை நிறைய அனுப்புகிறவர்களுக்கு

நூறு பார்சல் அனுப்பும் முன் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். இஸ்டா என்ற அமைப்பின் 1ஏ சோதனை முறையில், சுமார் 9.5 கிலோவுக்குக் குறைந்த பெட்டியை 76 செ.மீ. உயரத்திலிருந்து பத்து முறை போடுவார்கள்: ஒரு மூலை, அந்த மூலையிலிருந்து கிளம்பும் மூன்று விளிம்புகள், பிறகு ஆறு பக்கங்கள். அந்த முறையில் அதிர்வுச் சோதனையும் உண்டு. விழவிடுவதை மட்டும் நாம் வீட்டிலேயே செய்யலாம். குறையுள்ள, விற்க முடியாத ஒரு பொருளை வைத்துச் செய்யுங்கள். மூலையில் போடும்போது மனசு பதறும். ஆனால் உங்கள் கண்ணெதிரே ஒன்று உடைவது மலிவு.

14. ஒப்படைக்கும்போது

காப்பீட்டு விதியை முழுக்கப் படியுங்கள். கண்ணாடி, பீங்கான், பழம்பொருள் ஆகியவற்றை விலக்கிவைக்கும் விதிகள் உண்டு. பணம் கட்டிய பிறகும் அவற்றுக்குக் கிடைக்காது. மதிப்பை உள்ளபடி எழுதுங்கள். வார இறுதிக்கு முந்தின நாள் கொடுத்தால் பார்சல் கிடங்கில் சும்மா கிடக்கும், மேலே வேறு பார்சல்கள் ஏறும். வாரத் தொடக்கத்தில் கொடுங்கள்.

வாங்குகிறவருக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: பெட்டி நசுங்கியிருந்தால் திறக்கும் முன் படம் எடுக்கவும், உடைந்திருந்தால் பெட்டி, தாள், சில்லு எதையும் எறிய வேண்டாம். கூரியர் தரப்பில் வந்து பார்க்க வேண்டும் என்பார்கள். பேக்கிங்கைக் குப்பையில் போட்டுவிட்டால் அத்தோடு கோரிக்கை முடிந்தது.

15. உடைந்து வந்தால் சில்லைப் படியுங்கள்

எங்கே உடைந்தது என்பது எந்தப் படியில் தவறினீர்கள் என்பதைக் காட்டும். கைப்பிடி மட்டும் போயிருந்தால் 5-ஆவது படி: நீட்டியிருந்த பாகம் பாரம் தாங்கியிருக்கிறது. அடி விட்டிருந்தால் அடி மெத்தை போதவில்லை, அல்லது பொருள் கீழே இறங்கியிருக்கிறது. விளிம்பில் சிறு சிறு கொறிப்புகள் இருந்தால் விழவே இல்லை, இரண்டு பொருள்கள் உரசியபடி வந்திருக்கின்றன. பல துண்டாக நொறுங்கி, பெட்டியின் ஒரு மூலையும் உள்வாங்கியிருந்தால் மூலை நிரப்பு குறைவு. பெட்டியே சப்பையாகியிருந்தால் ப்ளை போதவில்லை.

சில்லுகளைப் படம் எடுக்கச் சொல்லும்போது, பெட்டிக்குள் அவை கிடந்த நிலையிலேயே எடுக்கச் சொல்லுங்கள். பொறுக்கி மேசையில் அடுக்கிய படத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.